முதல் மேசையைத் தாண்டிப் போனோம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, வீட்டுக்கு மறுபடியும் ஒரு குழந்தை வரப்போகிறது என்று சொன்னாய். உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு முருங்கைக்கீரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். போன் திரும்பவும் என் கைக்கு வந்தபோது நீ குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "அப்பா, டெலிவரிக்கு அங்கதான் கூட்டிட்டு வரோம். இந்தத் தடவ கொஞ்சம் பெரிய ஆளா பாத்து சொல்லி வைங்க. போன தடவ நம்ம புடிச்ச ஆளு பத்தல." நான் "பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வாயிலிருந்து வரும் "பாக்கறேன்" என்ற சொல்லுக்கு மாட்டேன் என்று பொருள் என்பது என்னிடம் வளர்ந்த உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள். இந்த முறை நான் யாரிடமும் சொல்லி வைக்கப்போவதில்லை. சின்ன ஆளிடமும் இல்லை, பெரிய ஆளிடமும் இல்லை.

போன தடவை பிடித்த ஆள் போதவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன், தொண்டையில் இறங்க மறுக்கிறது. பெற்ற பெண்ணைத் துணியில் சுற்றி வாங்கி, முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழிக்குள் வைத்தவன் நீ. அதிலிருந்து நீ கற்றுக்கொண்டது இதுதானா? கோபத்தோடு கேட்கிறேன் என்று நினைக்காதே. கோபம் இருந்தால் போனிலேயே கத்தியிருப்பேன். உன் வாயில் வந்தது நான் வளர்த்த பேச்சு என்பதால்தான் கசக்கிறது.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். பத்திரிகையில் போடச் சொல்லிக் கேட்டதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. அரியலூரிலும் பெரம்பலூரிலும் நான் இத்தனை காலம் எழுதிய செய்தி ஒன்றையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. என் போன் நம்பரை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மகளுக்கு ஏழாம் மாதம், மருமகளுக்கு ரத்தம் குறைவாம், பேரனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். எந்த மருத்துவமனை நல்லது, அங்கே என்ன வசதி, இந்த வீக்கம் ஆபத்தா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அங்க யாரையாவது தெரியுங்களா?" தெரியும் என்றால் அது நல்ல மருத்துவமனை. தெரியாது என்றால் அடுத்தது.

உன் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா. ஆனா எனக்குத் தலவலின்னு நான் சொன்னேன்ல, அத வுட்டுடாதீங்க" என்றாள். விடமாட்டேன். அதற்கு வருகிறேன்.

முதலில் நீ பிறந்த கதை. உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் உனக்குச் சொன்ன விதம் தவறு. அப்போது நான் பகுதி நேர நிருபர். செய்தியை எழுதி, கவரில் போட்டு, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி, அது அச்சில் வந்ததா என்று மறுநாள் டீக்கடையில் பார்க்கும் நிலையில் இருந்தேன். என்னை யாருக்கும் தெரியாது. உன் அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் விடிந்ததும் போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும். முதல் மேசையில் ஒரு நர்சம்மா. எடை பார்ப்பார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார், கண் இமையை இழுத்துப் பார்ப்பார், விரலில் குத்துவார். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒருநாள் உன் அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ சோறு திங்கறியா, காத்தத் திங்கறியா?" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் முன்னால் போய், நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொன்னேன். அவர் அப்போதும் நிமிரவில்லை. "எழுதறது இருக்கட்டும். மொதல்ல பொண்டாட்டிக்குக் கீரை வாங்கிப் போடுங்க."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இனி என் வீட்டு ஆட்கள் எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். உனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அப்பா எப்படிக் கீழே இருந்து மேலே வந்தான் என்பதற்கு உதாரணமாகச் சொன்னேன். அந்த நர்சம்மா திட்டியபிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். அவர் கொடுத்த மாத்திரையை உன் அம்மா விடாமல் சாப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் அதே மேசை, அதே பட்டை, அதே திட்டு. பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது. தாங்கிக்கொள்ள உடம்பில் ஏதோ இருந்தது. உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள், "அந்தப் பொம்பள திட்டலன்னா நானும் இல்ல, இவனும் இல்ல." நீ வரிசையில் நின்று பிறந்தவன். அதை மறைத்துவிட்டு, வரிசையைத் தாண்டுவது எப்படி என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அதன்பிறகு எனக்கு ஆட்களைத் தெரிய வந்தது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். தாசில்தார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். லாரி விபத்து, குவாரிப் பள்ளம், மக்காச்சோளத்தில் புழு, வெங்காய விலை என்று எல்லாவற்றுக்கும் கூப்பிட என்னிடம் ஒரு போன் எண் இருந்தது. உன் பள்ளிக்கூட அட்மிஷன், உன் பாஸ்போர்ட், உன் கல்யாண மண்டபத் தேதி, ஒன்றுக்காவது நீ வரிசையில் நின்றிருக்கிறாயா? நினைத்துப் பார். வண்டியில் ஒட்டியிருந்த 'பிரஸ்' ஸ்டிக்கர்தான் நம் வீட்டுக்குக் குலதெய்வம் மாதிரி இருந்தது.

உன் மனைவி முதல் குழந்தைக்கு ஏழாம் மாதம் சென்னையிலிருந்து அரியலூர் வந்தாள். அதுவரை சென்னையில் பார்த்த பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. கையில் தாய் சேய் அட்டை, ஸ்கேன், எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தாள். எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன் என்று இங்கே எழுதமாட்டேன். ஊரையும் எழுதமாட்டேன், அரசா தனியாரா என்றும் எழுதமாட்டேன். பயந்துகொண்டு இல்லை. பெயரைப் போட்டால், படிக்கிறவர்கள் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்ததில் போய் ஆள் தேடுவார்கள். நடந்தது எங்கே வேண்டுமானாலும் நடக்கும்.

அங்கேயும் வரிசைதான். அங்கேயும் முதல் மேசைதான். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், பிறகுதான் டாக்டரம்மா அறை. வாசலில் செல்வராசு என்று ஓர் அட்டெண்டர். யார் வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி, "நீங்க யாரு வூடுங்க?" அதற்கு என்ன பதில் சொல்கிறாய் என்பதைப் பொறுத்து நீ பெஞ்சுக்குப் போவாய் அல்லது அறைக்குப் போவாய். என்னிடம் கேட்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "சார் வூட்டுப் பொண்ணு, கொஞ்சம் வழி வுடுங்க" என்று கையை விரித்துக் கூட்டத்தைப் பிளந்தார். பெஞ்சில் இருந்த ஒரு பெண், பார்த்தால் களையெடுக்கிற இடத்திலிருந்து நேராக வந்தவள் மாதிரி இருந்தாள், பக்கத்தில் இருந்தவளிடம், "அவுங்க வவுத்துல இருக்கறது புள்ள. நம்ம வவுத்துல இருக்கறது புண்ணாக்கு மூட்ட" என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். உன் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமா, நான் வரிசையிலயே வரேனே" என்றாள். "நீ ஏம்மா நிக்கணும்?" என்றேன். பெருந்தன்மையாகப் பேசுவதாக அப்போது எனக்கு நினைப்பு.

உள்ளே டாக்டரம்மா எழுந்து நின்று வரவேற்றார். நல்லவர், திறமையானவர், இதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு டீ வந்தது. மருத்துவமனைக்கு வரும் சாலையில் தெருவிளக்கு இல்லை என்று நான் போட்ட செய்தியைப் பற்றிப் பேசினோம். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார், "எல்லாம் நார்மல் சார்" என்றார். நாங்கள் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தோம். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். முதல் மேசையைத் தாண்டி வந்தவளுக்கு யாராவது வெளியே ரத்த அழுத்தம் பார்த்திருப்பார்கள் என்று டாக்டரம்மா நினைத்தார். சார் வீட்டுப் பெண்ணுக்கு உள்ளே டாக்டரம்மாவே பார்ப்பார் என்று மேசையில் இருந்த நர்சு நினைத்தார். நான் எதையும் நினைக்கவில்லை. பெஞ்சில் இருந்த புண்ணாக்கு மூட்டைகள் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு முறையும், பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். நம் வீட்டுப் பெண் ஒருத்திக்குத்தான் யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் மாதம் நம் வீட்டில் வளைகாப்பு வைத்தோம். நீ வீடியோ எடுத்தாய். அந்த வீடியோவை நீ மறுபடி பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்தேன். கண்ணாடி வளையல் அவள் கையில் ஏறவில்லை. உன் அத்தை சோப்பைத் தேய்த்தாள். உன் மாமியார் விளக்கெண்ணெய் தடவினார். ஒன்று உடைந்தது. "கையி நல்லாப் பூரிச்சிருக்கு, மவராசி" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். முகமும் வீங்கியிருக்கிறது, மோதிரத்தைக் கழற்றிவிட்டு நூல் கட்டியிருக்கிறாள். ஒரு வீடு முழுக்கப் பெண்கள், பெற்று வளர்த்தவர்கள், ஏறாத வளையலைச் சோப்புப் போட்டு ஏற்றினார்களே தவிர, ஏன் ஏறவில்லை என்று கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கடையில் அளவு பார்த்து வாங்கியது அது. நான் அதே கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், வீடியோவின் ஓரத்தில் தெரிகிறேன், போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறேன்.

சடங்கு முடிந்து உன் மாமியார் அவளைத் தன் ஊருக்கு, சிறுவாச்சூர் பக்கம், கூட்டிப்போனார். புதன்கிழமை அவளுக்குத் தலைவலி. உன் மாமியாரிடம் சொன்னாள். "ஆளுங்க கண்ணு பட்டிருக்கும், வெயிலு வேற" என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார்கள். உன் அம்மாவிடம் சொன்னாள். சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றாள். உன்னிடம் சொன்னாள். நீ சென்னையிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாய். வீக்கத்துக்கும் தலைவலிக்கும் பார்லித் தண்ணி குடித்தால் போதும் என்று ஒருவர் அதில் சிரித்துக்கொண்டே சொல்கிறார். குடும்பக் குழுவில் அதை நானும் பார்த்து, யார் இவர் என்று உன்னைக் கேட்டேன். "டாக்டர்தாம்ப்பா, கோட்டு போட்டிருக்காரு பாருங்க" என்று பதில் போட்டாய். வியாழக்கிழமை தலைவலி கூடியது, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று எனக்கே போன் செய்து சொன்னாள். அவள் எல்லோரிடமும் சொன்னாள். வாய்விட்டுச் சொன்னாள். இதை விடாமல் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. டாக்டரம்மாவின் செல்லுக்குப் போன் செய்தேன். வேறு எந்த வீட்டு ஆளுக்கும் எடுக்காதவர், எனக்கு எடுத்தார். தலைவலி என்று சொன்னேன். அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். "பிரஷர் எப்படி இருந்துச்சு சார்?" நான் சொன்னேன், "நார்மல்தாங்க." அவர் ஸ்கேனைப் பார்த்துச் சொன்ன நார்மலை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். "அப்ப வெயிலாத்தான் இருக்கும். ரெஸ்ட் எடுக்கட்டும், திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். உன் மனைவிக்குப் போன் செய்து, டாக்டரிடமே கேட்டுவிட்டேன், ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் நம்பினாள். டாக்டரிடமே பேசுகிற மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

என் தொழிலைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அதில் குளிக்கப் போனவர்கள் மூழ்கினார்கள். மூன்று பேர் செத்ததாக ஸ்டேஷனில் சொன்னார்கள். கரையில் மூன்று ஜோடிச் செருப்பு கிடந்தது. கிடைத்தது இரண்டு உடல். மற்ற நிருபர்கள் மூன்று என்று அனுப்பிவிட்டார்கள். நான் அனுப்பவில்லை. யார் பார்த்தது, யார் எண்ணியது என்று விசாரித்துக்கொண்டே போனேன். மூன்றாவது செருப்புக்காரன் பயந்து ஓடிப்போய்த் தன் சித்தி வீட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தான். யாரோ முகம் தெரியாத ஒருவனின் உயிருக்காக அவ்வளவு தூரம் விசாரித்தவன், தன் வீட்டுப் பெண்ணின் ரத்த அழுத்தத்தை, யார் அளந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல், நார்மல் என்று சாட்சி சொன்னேன். ஊரில் கேட்ட கேள்வியை வீட்டில் கேட்கவில்லை. தெரிந்தவரிடம் கேட்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். வெள்ளிக்கிழமை என்று சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்த வண்டிகள் நெடுஞ்சாலை வரைக்கும் நின்றதால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்தது. அது கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. தெரியாததால் அவர்கள் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார்கள், பட்டையைச் சுற்றினார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் அட்டையைப் புரட்டிவிட்டு, "ஏழாம் மாசத்துக்கு அப்பறம் பிரஷரே பாக்கலையா? எங்கயும் காட்டலையா?" என்று கேட்டார். காட்டாமல் விட்ட குடும்பம் என்று எங்களை நினைத்துவிட்டார். உன் மாமியார் அழுதுகொண்டே, "பெரிய எடத்துலதாங்க காட்டுனோம்" என்றார். உன் மனைவியைக் காப்பாற்றினார்கள். குழந்தையின் துடிப்பு அங்கே போய்ச் சேரும்போதே நின்றிருந்தது.

நீ இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தாய். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் எதிரில் உட்கார்ந்து, "அந்த ஆஸ்பத்திரியப் பத்தி எழுதுங்கப்பா. நீங்க எழுதாம யாரு எழுதுவா" என்றாய். தலைப்புகூட நீயே சொன்னாய். நான் எழுதவில்லை. நான் டாக்டரம்மாவுக்கு நன்றிக்கடன்பட்டதால் எழுதவில்லை என்று நினைத்து, ஒரு வருடம் என்னோடு சரியாகப் பேசாமல் இருந்தாய். எழுதியிருந்தால் முதல் பத்தியில் அந்த வரிசையை எழுத வேண்டும், இரண்டாவது பத்தியில் அதைத் தாண்டி யார் கூட்டிப்போனது என்று எழுத வேண்டும். அதனால் எழுதவில்லை. ஊரும் அதற்குள் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டது. பப்பாளி சாப்பிட்டாளாம், வளையல் உடைந்த சகுனமாம். எல்லாக் காரணத்தையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது நீ பெரிய ஆளாகப் பிடிக்கச் சொல்கிறாய். பெரிய ஆள் என்றால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? வாசலில் கார் நேராக நிற்கும், செல்வராசு ஓடிவந்து கதவைத் திறப்பார், டீயோடு பிஸ்கட்டும் வரும். தாண்டிப் போகிற மேசைகள் ஒன்றுக்கு இரண்டாகும்.

உனக்கு என்ன செய்யத் தெரிய வேண்டுமோ அதைச் சொல்கிறேன். அரசு நல்லதா தனியார் நல்லதா என்று என்னைக் கேட்காதே. போய் ஒரு காலை பெஞ்சில் உட்கார்ந்து பார். முதல் மேசை இருக்கிறதா, அதில் ஆள் இருக்கிறதா, அந்த ஆள் வருகிறவள் முகத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வேலையைச் செய்கிறாரா என்று பார். அந்த நர்சுக்கு உன் மனைவியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவள் மேல் பிரியமும் கிடையாது, திட்டக்கூடத் திட்டுவார். பிரியமாக இருந்த நாம் அத்தனை பேரும் சேர்ந்து செய்யாத வேலையை அவர் தூக்கக் கலக்கத்தில் செய்துவிடுவார். சென்னையில் இருக்கும்போதே பதிவு செய்துகொள். இங்கே வந்தால் வந்த வாரமே தங்குகிற ஊரின் நர்சம்மாவிடம் அட்டையைக் காட்டச் சொல். எந்த மேசைக்குப் போனாலும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, போன முறை பிரஷர் ஏறி வலிப்பு வந்தது, குழந்தை இல்லை என்பதை அவள் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொல்லச் சங்கடப்படுவாள், நீ பக்கத்தில் நின்று சொல். அப்படி வந்தவர்களுக்கு அடுத்த முறை ஆரம்பத்திலேயே ஒரு மாத்திரை தொடங்குவது உண்டு என்று கேள்விப்பட்டேன். இது நான் சொல்கிற செய்தி, அதனால் நம்பாதே. பரிசோதிக்கிற டாக்டரிடம் இந்த வாரமே கேள்.

யார் எதைச் சொன்னாலும், கோட்டுப் போட்டவர் சொன்னாலும், உன் அம்மா சொன்னாலும், நான் சொன்னாலும், இரண்டு கேள்வி கேள். யார் பார்த்தது? எப்போது பார்த்தது? நார்மல் என்றால் எண்ணைக் கேள், எண்ணை அட்டையில் எழுதச் சொல். தலைவலி விடவில்லை என்றாலோ, கண் மங்குகிறது என்றாலோ, மேல் வயிறு வலிக்கிறது என்றாலோ, முகமோ கையோ வீங்குகிறது என்றாலோ, போனைத் தொடாதே. போனில் பட்டையைச் சுற்ற முடியாது. வண்டியை எடு. முக்கியமாக, அவள் சொன்னால் நம்பு. வளையல் ஏறவில்லை என்றால் சோப்பைத் தேடாதே.

இதை எழுதி முடிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். நீங்கள் எங்கே காட்டினாலும் கடைசியில் பழக்கத்துக்கு அந்த மருத்துவமனைக்குத்தான் வந்து நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வியாழக்கிழமை பஸ் ஏறிப்போய்ச் செல்வராசுவைப் பார்த்தேன். சிபாரிசு செய்ய மாட்டேன் என்றவன் ஒரே ஒரு சிபாரிசு செய்தேன். என் மகனோ மருமகளோ என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் உள்ளே விடக் கூடாது, வரிசையில் கடைசியில் உட்கார வைக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தணித்து, "ஏன் சார், மருமவளோட பேச்சு வார்த்த இல்லீங்களா?" என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, நல்லாத்தான் இருக்கிறோம் என்றேன். "அப்பறம் ஏன் சார் நம்ம வூட்டுப் பொண்ணப் போயி வெயில்ல நிக்க வெக்கச் சொல்றீங்க? வுடுங்க சார், குடும்பம்னா ஆயிரம் இருக்கும்." எவ்வளவு சொல்லியும் அவருக்கு அது குடும்பச் சண்டையாகவே பட்டது. இந்நேரம் ஊருக்குள் அப்படித்தான் பேசுவார்கள், பேசட்டும்.

நான் அங்கே நிற்கும்போதே ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பஞ்சாயத்தில் இருந்தவர், எனக்குப் பழக்கம், என்னைப் பார்த்துக் கும்பிட்டார். செல்வராசு எழுந்து கையை விரித்தார். நான் குறுக்கே போய், "முதல் மேசையில பிரஷர் பாத்துட்டு உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றேன். அந்தப் பஞ்சாயத்துக்காரர் என் தோளைத் தட்டி, "உள்ள பாத்துப்பாங்க சார். நம்ம டாக்டரம்மாதான்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பெஞ்சையும் பார்த்தாள். அப்பா கையைப் பிடித்து இழுத்தார், உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நீ அவளோடு வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள், அவள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் நில். யாராவது அடையாளம் கண்டு எழுந்து வழி விட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார வை. வாசலில் செல்வராசு பழக்கத்தில் கேட்பார், நீங்க யாரு வூடுங்க என்று. இந்த இரண்டு மாவட்டத்திலும் எந்தக் கதவையும் திறக்கிற ஒரு பெயர் உன்னிடம் இருக்கிறது. அது வாயில் வரும். அதைச் சொல்லாதே. சீட்டில் போட்டிருக்கிற எண்ணைச் சொல்.

அப்பா